ஓட்டியவர் பெயர்

கல்மண்டபம் ரோட்டில் சும்மா நின்றுகொண்டிருந்த ஓர் ஐஸ் லாரியின் பின்னால் என் காரைக் கொண்டுபோய் மோதினேன். லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் காரின் முன்பக்கம் மட்டும் அப்பளமாக நொறுங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் என் புத்தி சாலையில் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் கீழே இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், லாரி டிரைவரைத் திட்டியதுதான். ரோட்டில் வண்டியை இப்படியா நிறுத்துவது, அறிவில்லையா என்று கத்தினேன்.

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே நிதானமாக இறங்கி வந்தார். "இன்னாம்மா, இம்மாம் பெரிய லாரி ஓரமா நின்னுகினு கீது, கண்ணு தெர்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மாவும் மீன் கூடையோடு அங்கே நின்றிருந்தாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் லைசன்ஸ் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்தேதான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தள்ளிப்போட்ட பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கிற ஆள் நான். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டியவருக்கு லைசன்ஸ் இல்லையென்றால் கம்பெனி ஒரு பைசா தராது என்று ஷெட்டில் மெக்கானிக் கையை விரித்தார். காரோ லோனில் வாங்கியது.

சாயங்காலம் தம்பி வந்தான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன் அவன். நான் நாற்காலியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி பேஜாராயிகினு? என் லைசன்ஸ் கீதுல்ல. நான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துடு. மேட்டர் ஓவர்."

ஒரு பேச்சுக்காகவாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "சரிடா" என்றேன். கிளைம் பாரத்தில் ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் என் தம்பியின் பெயரை நானே எழுதினேன்.

நான் மோதிய நேரத்தில் அவன் டிரெய்லரோடு துறைமுகத்துக்குள் இருந்தான். கேட்டில் பாஸைக் காட்டிப் பதிவு செய்யாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று மட்டும் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை என்று வேண்டுமானால் பெருமை பேசிக்கொள்ளலாம்.

கிளைமை விசாரிக்க வந்தவர் கெட்டிக்காரர். தம்பி வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, அன்றைக்குக் கல்மண்டபத்தில் காரை மோதிய உங்கள் டிரைவர் லீவா என்று கேட்டிருக்கிறார். லீவு இல்லை, உள்ளே டூட்டி என்று பதில் வந்தது. அத்தோடு முடிந்திருந்தால் என் கிளைம் மட்டும் போயிருக்கும். ஆனால் முதலாளிக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. கல்மண்டபத்தில் இவன் கார் ஓட்டியிருந்தால், இவன் பாஸை வைத்துக்கொண்டு டிரெய்லரை உள்ளே கொண்டுபோனது யார்? துறைமுகத்தில் பாஸை அடுத்தவனுக்குக் கொடுப்பதைவிடப் பெரிய குற்றம் இல்லை. வெளியே தெரிந்தால் அந்த டிரைவரை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. முதலாளி பாஸைப் பிடுங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தம்பி என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவிதான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னாள். "ஒரு வாரமா வூட்லதான் குந்திகினு கீறாரு, அண்ணி. உங்களாண்ட சொல்ல வேணான்னாரு." சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினேன்: ஓட்டியவர் பெயர் தவறு, ஓட்டியது நான், கிளைம் வேண்டாம். அந்தக் கடிதத்தின் நகலோடு திருவொற்றியூரில் இருந்த டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனேன். "நீ டீச்சரு, அங்கல்லாம் வந்து நிக்காதக்கா" என்று முனகிக்கொண்டே தம்பியும் கூட வந்தான்.

முதலாளி தெற்கத்திக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். "அன்னைக்குக் காரை ஓட்டினது நான். என் தம்பி ஹார்பருக்குள்ளதான் இருந்தான். பாரத்துல பொய்யா எழுதினது நான்தான்."

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "டீச்சரம்மா, உங்கள மாதிரி படிச்சவுக பாரத்துல பொய் எழுதுவாகளா? தம்பி வேலைக்காக இம்புட்டு தூரம் வந்து பொய் சொல்லுதீங்க. எனக்கு வெளங்காதா?"

கடித நகலை நீட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. படித்துவிட்டு அவர் நெகிழ்ந்துபோனார். "கிளைமையும் வேண்டாம்னு எழுதிட்டீங்களா! ஏல, பாத்தியா உங்க அக்காவ? உன்னக் காப்பாத்த என்ன பாடுபடுதாக!"

"ஐயா, நிஜமாவே நான்தான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அந்த லாரி டிரைவரைக் கேட்டுப் பாருங்க."

"விடுங்கம்மா. கேட்டுல எவன் மூஞ்சியப் பாக்கான்? பசங்க பாஸ மாத்திக்கிட்டுப் போறது எனக்குத் தெரியாததா?" அவர் டீ சொல்லி அனுப்பினார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "அக்கா முகத்துக்காக விடுதேன். பாஸ அடுத்தவனுக்குக் குடுத்தது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கே வண்டிய எடு."

தம்பி அந்தப் பாஸை இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. வீட்டில் குழந்தை தொட்டால்கூடப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான். அவன் மறுப்பான், நானும் சேர்ந்து சண்டை போடலாம், வேண்டுமானால் கேட் வரைக்கும் போய்க் கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவன் மேஜைமேல் இருந்த பாஸைப் பார்த்தான். பிறகு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டான். எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றுவரை என்னை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

பேனாவைத் திறந்தவன் என் பக்கம் திரும்பினான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், இந்த மாதிரியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. "நீ சொல்லுக்கா, எழுதறேன்" என்றான்.

"டீச்சரே பக்கத்துல இருக்காகளே" என்று முதலாளி மகிழ்ந்தார்.

சொன்னேன். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் பாஸை வேறொருவருக்குக் கொடுத்தது என் தவறு என்றேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்.

"அடுத்து?" என்றான், தலையைத் தூக்காமல்.

"இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்றேன்.