மேற்படி போனைப் பற்றிய என் கருத்து

எனக்கென்று ஒரு செல்போன் வாங்குவதற்கு முன்பே நாற்பதுக்குக் குறையாத செல்போன்களைப் பற்றி இணையத்தில் கருத்து எழுதியிருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

அப்போது திருத்தணியில், சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டியிருந்த ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். மாறியது அவ்வளவுதான். பகலெல்லாம் யாரோ யாருக்கோ விற்கிற நிலத்துக்கு நாலு எல்லை அடிப்பேன். இன்னார் கிணற்றுக்கு வடக்கு, இன்னார் புன்செய்க்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு. வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எழுத்தரிடம் பேசுவார்கள். வாயைத் திறக்காமல் ஒரு நாளை ஓட்டுவது அந்த வேலையில் ரொம்பச் சுலபம்.

வீடு கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, வயலுக்கு நடுவே. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்காவைப் பக்கத்து ஆந்திர எல்லையைத் தாண்டிப் புத்தூரில் கொடுத்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு அவளும் அவள் கணவரான பாவாவும் வருவார்கள், என் வீட்டில் பையை வைத்துவிட்டு மலைக்குப் போவார்கள், வந்து பையை எடுத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறுவார்கள். வருடத்தில் என் வீட்டுக்கு விருந்தாளி வந்த கணக்கு அதோடு முடிந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சு எடுக்க ஆள் இல்லை. எடுத்த ஒன்றிரண்டும் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோயின.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கேதான் அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தேன். மிக்சி, ஸ்கூட்டர், கேமரா, செல்போன் என்று எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். படிக்கிறவர்கள் உபயோகமாக இருந்தது, இல்லை என்று ஓட்டுப் போடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்திர ஆங்கிலம் ஒன்றுதான். போனையும் அதிலேயே எழுதினேன். மேற்படி கருவியின் வடபுறத்தில் இயர்போன் துவாரமும் தென்புறத்தில் சார்ஜர் துவாரமும் அமைந்துள்ளன. கிழக்குப் புறத்தில் ஒலி கூட்டும் பொத்தான் உண்டு. மேற்குப் புறத்தில் வில்லங்கம் ஏதுமில்லை. பம்பாய்க்காரனும் பெங்களூர்க்காரனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே நையாண்டி செய்கிறேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எந்த போன் வாங்கலாம் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் எழுதியதைப் படித்து, தட்டிக் கொட்டி, பதினொன்றாவதாக நான் ஒன்று எழுதுவேன். பத்திரம் எழுதுகிறவன் நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டா எழுதுகிறான்?

கேட்டவர்களில் ஒருவர் மட்டும் நின்றார். தேனிப் பக்கம் ஒரு விதைக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார். போன் வாங்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார், வாங்கவில்லை. கேமரா வேண்டுமா பாஸ், கேமரா இல்லாததே போதுமா பாஸ், பாட்டு ஓடுமா பாஸ். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன், தளம் வழியே தனியாக அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ‘சாப்டீங்களா’ என்று கேட்டிருப்பார். என்னை அப்படிக் கேட்க ஒரு ஆள் வருடக்கணக்கில் இல்லை. முதல் தடவை அதைக் கவனித்த அன்று போன் கேள்வியை விட்டுவிட்டு அதற்கு மட்டும் பதில் அடித்தேன்.

கேள்விகள் போனிலிருந்து மெல்ல விலகின. அவர் ஊரில் மழை, என் ஊரில் காவடிக் கூட்டம், அவர் முதலாளியின் கோபம், என் முதலாளியின் மூக்குப்பொடி. பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தளத்தில் வைத்துக்கொண்ட புனைபெயரே போதுமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டார்: ‘நீங்க என்ன போன் வச்சிருக்கீங்க பாஸ்?’

உலகத்துக்கெல்லாம் புளுகியவனுக்கு அவரிடம் மட்டும் புளுக வரவில்லை. இனிமேல்தான் வாங்கப் போகிறேன் என்று எழுதினேன். மறுநாளே ரயில் ஏறி சென்னைக்குப் போய் போனும் சிம்மும் வாங்கி வந்தேன். திருத்தணியிலேயே நாலு கடை இருந்தது. ஆனால் நாற்பது போனுக்குக் கருத்துச் சொன்னவன் ஊர்க் கடைக்காரனிடம் போய் நின்று, அவன் சொல்வதைக் கேட்டு வாங்குவதா? அப்படி ஒரு திமிர் எனக்கு இருந்தது.

அந்த போனைப் பற்றித்தான் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையான கருத்து எழுதினேன். குறிப்பாக சிக்னல். ஊருக்குள் அலுவலகத்தில்கூட இரண்டு கோடுதான் காட்டும். வயலுக்கு நடுவே இருந்த என் வீட்டிலோ எப்போதும் ஐந்து கோடும் நிறைந்து நிற்கும். மேற்படி போனின் சிக்னல் அப்பழுக்கற்றது என்று எழுதி ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

படித்துவிட்டு அவர், ‘அப்ப உங்ககிட்ட பேசிப் பாத்துட்டே வாங்கறேன் பாஸ்’ என்றார். ஞாயிற்றுக்கிழமை முதலாளி மதியமே போய்விடுவாராம். ஐந்து மணிக்குக் கடை போனிலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னார். என் எண்ணைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். மத்தியானம் இரண்டாவது தடவை குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்ததால் நாலைந்து விதமாக ஹலோ சொல்லிப் பார்த்தேன். ஒரு மனிதர், வேலைக்காக இல்லாமல், என்னோடு பேசுவதற்கென்றே என்னைக் கூப்பிடப் போகிறார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஐந்தானது. ஆறானது. போனை டிவி மேல் வைத்து எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து கோடும் அசையாமல் நின்றன. நடுவில் ஏதோ ‘வருக வருக’ என்று கம்பெனிக்காரன் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் அனுப்பினான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அப்படி வரும். விளம்பரம் என்று அழித்துவிடுவேன், அன்றும் அழித்தேன். அழைப்பு வரவில்லை.

மறுநாள் அவர் கடிதம் இருந்தது. ‘ஆறேழு தடவை போட்டேன் பாஸ். கிடைக்கவே இல்லை. போனை அணைச்சு வச்சிருந்தீங்களா?’ இல்லை என்றேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறும். திங்கட்கிழமை அவர் மறுபடி ‘போட்டேன் பாஸ்’ என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே ஐந்து கோடு நிற்கிறது. வாரத்தில் ஆறு நாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது எழுத்தர் வெளியிலிருந்து இதே போனில் கூப்பிடுகிறார், தடங்கலில்லாமல் வருகிறது. அப்படியானால் போன் பொய் சொல்லவில்லை.

அதை அவருக்குத் தனியாக எழுதியிருக்கலாம். என் கருத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்க எழுதினேன். மேற்படி மூன்று ஞாயிறுகளிலும் மேற்படி போன் முழு சிக்னலுடன் இயங்கியது. எவ்வித அழைப்பும் வரவில்லை. அழைத்ததாகச் சொல்வது உண்மைக்குப் புறம்பானது. பேச விருப்பமில்லாதவர் அதை நேராகச் சொல்லிவிடலாம்.

பம்பாய்க்காரர்கள் வழக்கம்போலச் சிரித்து ஓட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் கீழே எழுதியிருந்தார்: ‘நான் பொய் சொல்ற ஆள் இல்ல பாஸ். நீங்க என்னை விட போனை நம்புறீங்க. சரி.’ அவ்வளவுதான். வழக்கமான அந்தக் கடைசிக் கேள்வி இல்லை. நல்லது, தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டருக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். மூன்று மாதம் போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். அந்தக் கடை அம்மாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும், ஒரு டீ என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. தன் போனில் சார்ஜ் இல்லை, மார்க்கெட்டுக்குப் போன வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லணும் என்று என் போனைக் கேட்டார். கொடுத்தேன். வாங்கியவர் எண்ணை அழுத்தாமல் திரையையே பார்த்தார்.

“ஐயே, இன்னா சார் இது, ஆந்திரா டவர்ல கீது?”

“ஆந்திரா டவரா?”

“ஆங். நம்ம பக்கம் தானா வுட்டா அந்தாண்ட டவரத்தான் இழுத்துகினு பூடும். அது கிட்டக்க கீதில்ல, கோடு ரொம்பக் காட்டும். வேற ஸ்டேட்டுன்னு வர்ற போனுக்கும் காசு புடிப்பான். உள்ள காசு இல்லன்னா வர்ற போன்கூட வராது சார்.”

நான் யாருக்கும் போன் போடுகிறவன் இல்லை. உள்ளே எப்போதும் துடைத்து வைத்த மாதிரிதான் இருக்கும், அந்த அம்மாவிடம் கொடுக்கும்போதுகூட அது நினைவில் இல்லை. கம்பெனிப் பெயர் திரையில் சரியாக இருந்ததால் அதற்குப் பின்னால் மாநிலத்தைக் காட்டும் இரண்டு எழுத்தை நான் பார்த்ததே இல்லை. நான் அழித்த ‘வருக வருக’வும் அந்த டவர் அனுப்பியதுதான். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எழுத்தின் உருவத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்றார். நாலு தடவை பொத்தானை அழுத்தி, தானாகத் தேடாதபடி மாற்றி, நம் டவரில் நிறுத்தினார். ஐந்து கோடு ஒரு கோடாகச் சுருங்கியது.

“வாங்கினு வந்த அன்னிக்கே எல்லாரும் இத மாத்திடுவாங்க சார். கடைக்காரனே மாத்திக் குடுப்பான். உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம். பூ விற்கிறவருக்கும் மாடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த விஷயம். பம்பாயிலும் பெங்களூரிலும் இருந்து எழுதியவர்கள் யாருக்கும் அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் அவர்களைத்தான் படித்தேன். எனக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? நான்தான் யாரிடமும் பேசுவதில்லையே.

மழை விடுவதற்குக் காத்திருக்காமல் பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நனைந்த கையோடு எழுதினேன். பத்திர நடை இல்லை, ஆங்கிலம்கூட இல்லை. நீங்க கூப்பிட்டீங்க, எனக்கு இப்பதான் தெரியும், மன்னிச்சிடுங்க என்று அவரைப் போலவே ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். தளம் காட்டிய தேதிப்படி, என்னிடம் ‘சரி’ என்று சொன்ன நாளுக்குப் பிறகு அவர் அந்தத் தளத்துக்கே வந்திருக்கவில்லை. நான் அவரைப் பொய்யர் என்று எழுதியது மட்டும் இருந்தது. உபயோகமாக இருந்ததாக அறுபத்துமூன்று பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதை அழிக்க வழியில்லை. கீழே நடந்ததை எழுதிவைத்தேன், அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

நானே கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவர் கடை எண் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கவே இல்லை. அவர் கூப்பிடும்போது அதுவாகவே என் போனில் வந்து விழப்போகிறது, தனியாக எதற்கு என்று இருந்துவிட்டேன். தேனிக்கே போய்த் தேடலாமா என்றுகூட யோசித்தேன். விதைக் கடைகள் எத்தனையோ இருக்கும், பெயர் தெரியாத ஆளை என்ன சொல்லிக் கேட்பது?

அதற்குப் பிறகும் வெகு நாள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நான் எங்கேயும் போகாமல் வீட்டில் இருந்தேன். போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைப்பேன். நம் டவர்தான், ஒரு கோடு காட்டும். ஒரு கோடு இருந்தாலே போதும், போன் வரும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.