செஞ்சிக்கு அப்பால் ஓர் இராப்போஜனம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சென்னை பிராட்வேயில் பேருந்து ஏறினேன். 1963, மாசி மாதம். திண்டிவனத்துக்கு எழுபத்தைந்து மைல். கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது நயா பைசா. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. ஆனாலும் வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், செங்கற்பட்டு ஏரியைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாது. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டு வந்தேன்.

எழுதியவர் ஏசடியான். செஞ்சிக்குத் தெற்கே, தளவானூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கிறிஸ்தவச் சபைக்கு மூப்பர். கழனிக் கூலி. பதினேழு ஆண்டுகளுக்கு முன், போதகனாக இருந்தபோது, அந்தச் சபையைத் தொடங்கியவன் நான். சேரியில் இருந்த பதினெட்டுக் குடும்பங்கள், அவர்களோடு ஒரே ஒரு சமணர்: பத்துக் காணி நிலம் வைத்திருந்த அப்பாண்டை நயினார். எல்லாருக்கும் நானே ஞானஸ்நானம் கொடுத்தேன்.

கடிதத்தின் சாரம் இதுதான். அந்தச் சபையைச் செஞ்சிச் சபையோடு சேர்த்துவிட மேலிடத்தில் யோசிக்கிறார்கள். செஞ்சி ஒன்பது மைல். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஞாயிறுதோறும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. இரண்டு வருஷத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். மூன்று மூப்பர்கள் இருந்தால் தனிச் சபையாக விட்டுவிடுவார்கள். இருப்பது இரண்டு பேர். மூன்றாவதாக ஊரார் கேட்பது நயினாரை. ஆனால் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘நீக்கப்பட்டார்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதினவர் உயிரோடு இருக்கும்போது நான் மாற்ற மாட்டேன் என்கிறார் செஞ்சிப் போதகர். நயினாரோ, தானாக எதையும் கேட்க மாட்டேன் என்கிறார். ‘ஞாயிறு நாலு மணிக்குப் போதகர் வருகிறார், அதற்குள் வந்து சேரவும்’ என்று கடிதம் முடிந்திருந்தது.

பதினொரு மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி வண்டி பிடித்தேன். பதினெட்டு மைல், எழுபது நயா பைசா. சீட்டுக் கிழித்த நடத்துனர் நான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டு, கோட்டை ஏறவா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“கோட்டைக்கும் போவாத பெரியவரு செஞ்சிக்கு இன்னாத்துக்குப் போறீங்க? கோர்ட்டுக்கா?”

அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விடவில்லை. “வாதியா, பிரதிவாதியா?”

பிரதிவாதி என்று சொன்னபோது பக்கத்திலிருந்த மணிலாக் கடலை வியாபாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

செஞ்சியில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. படங்களில் பார்த்திருப்பீர்கள்: யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோலக் குவிந்த பாறைகள், அவற்றின் மேல் ராஜகிரி. வெயிலில் அந்தப் பாறைகள் வெந்துகொண்டிருந்தன. ஓட்டலில் தயிர் சாதம் வாங்கிப் பாதியை வைத்துவிட்டேன். தெற்கே போகும் விழுப்புரம் வண்டி மூன்று மணிக்குத்தான். காத்திருந்த அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை இங்கே எழுதிவிடுகிறேன். கிராம ஊழியத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவேண்டும்.

மூன்றே ஆண்டில் ஒன்பது ஊர்களில் சபை தொடங்கினேன். ஆண்டறிக்கையில் என்னைப் பாராட்டி எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். நயினாருடைய ஊருக்குப் போய்ச் சேர இருட்டி இரண்டு மணி நேரமாகிவிடும். அங்கே திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் பந்தி, எப்போதும் அரிக்கேன் விளக்கில்தான்.

சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் சிற்றுயிர் உணவில் விழுந்து சாகும் என்பதால். நயினார் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் தாயார் அழவில்லையாம். எதை விட்டாலும் இதை மட்டும் விடாதே என்று கேட்டுக்கொண்டாராம். அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே திருவிருந்தைப் பொழுதோடு வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் பணிவாகக் கேட்டார்.

நான் சொன்ன பதில்: வேதத்திலேயே அதற்கு இராப்போஜனம் என்றுதான் பெயர், அதை மாற்ற நீங்கள் யார், நான் யார்? இராத்திரி போஜனம் என்பது அவர்கள் வீட்டில் ஒரு பாவத்தின் பெயர். அதை அறிந்துதான் அந்தச் சொல்லை அவர் முன் வைத்தேன். அது பொய்யும்கூட. நான் வேதத்தின் மூலமொழியான கிரேக்கம் படித்தவன். மூலத்தில் இருப்பது விருந்து, பெரிய சாப்பாடு என்ற பொருளுள்ள சொல். அதில் கட்டாயமாக இராத்திரி என்று ஒன்றும் இல்லை. நேரத்தை மாற்றினால் ஓர் ஊரை விடவேண்டும், ஒன்பது எட்டாகிவிடும். உண்மையான காரணம் இவ்வளவுதான். ஊர்தோறும் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுத்தான் பவுல் அடுத்த ஊருக்குப் போனார் என்றும், பந்தியில் ஒருவருக்கொருவர் காத்திருக்கும்படி கொரிந்து சபைக்கு எழுதினார் என்றும் பயிற்சி வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நயினார் பந்தியில் உட்கார்ந்தார். அப்பத்தட்டு வந்தபோது கையை நீட்டவில்லை. பழைய நோன்பை விடாதவருக்கு இந்தப் பந்தியில் இடமில்லை என்று எல்லார் முன்பாகவும் சொல்லி, பெயரை நீக்கினேன். பிறகு சைக்கிள் ஏறிப் போனேன்.

மூன்று மணி வண்டியில் ஆறு மைல் போய், சாலையோரம் இறங்கினேன். அங்கிருந்து மூன்று மைல் வண்டிப்பாதை. ஒற்றை மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எட்டணாவுக்கு ஒத்துக்கொண்டார். இரு பக்கமும் மணிலாக் கொடி, தூரத்தில் பல்லவர் குடைந்த குகை இருக்கும் தளவானூர்க் குன்று. நயினாரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதவர் யார் என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே தன் ஆட்களைக் கழனியை விட்டு ஏற்றிவிடுகிறாராம். அதைப் பார்த்து மற்ற நிலக்காரர்களின் ஆட்களும் கேட்கிறார்களாம். அதனால் அவருக்கு ஊரெல்லாம் ஏச்சாம். சபைக்காரர்கள் பொழுதிருக்கவே ஜெபவீட்டுக்குப் போகவேண்டும் என்றுதானாம்.

ஏசடியான் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பையை வாங்கிக்கொண்டு, நயினார் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருப்பதைச் சொன்னார். கோபமா என்று கேட்டேன். “அவுரு மூஞ்சியில கோவத்த எவன் கண்டான்” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மற்றச் சபைகளைப் பற்றி விசாரித்தேன். ஒன்பதில் ஆறு இல்லை. ஓர் ஊரில் ஜெபவீட்டுக்குள் மணிலாத் தோல் கொட்டி வைத்திருக்கிறார்களாம். ஆனால் இந்தச் சபையிலிருந்து பக்கத்தில் இரண்டு ஊர்களில் புதிதாகச் சபை கூடுகிறது. அது எனக்குத் தெரியாது. நயினாரும் ஏசடியானும் நடந்தே போய் உண்டாக்கினவை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். போதகர்களை அங்கே அழைப்பதுபோல என்னை ஐயரே என்று அழைத்துச் சொன்னார்.

“புது ஊருக்குப் போனா, நீங்க எப்ப சாப்புடுவீங்கன்னு மொதல்ல கேட்டுக்குவோம் ஐயரே. அப்புறம்தான் மத்தது.”

பிறகு, நயினாரை நான் நீக்கிய அந்த ஞாயிறைப் பற்றி அவராகவே சொன்னார். நான் கொடுத்த அப்பத்தை அன்று ஒருவரும் தின்னவில்லை. விளக்கு மங்கல், நான் அவசரத்தில் இருந்தேன், உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டார்கள். நான் போனபின் ஒரு துணியில் சேர்த்து முடிந்து வைத்து, பொழுது விடிந்ததும் நயினாருடைய களத்துமேட்டுக்குக் கொண்டுபோய், அவரோடு உட்கார்ந்து தின்றார்கள். நயினார் பந்தியில் கைநனைத்தது அதுவே கடைசி. அதற்குப்பின் வந்த போதகர்களெல்லாம் பதிவேட்டைப் பார்த்து அவரைத் தாண்டிப் போனார்கள். பதினேழு ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, சுவரோரம் உட்கார்ந்து, எழுந்து போகிறார்.

அன்று நான் தூங்கவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு நயினாரைப் பார்க்கப் போனேன். களத்தில் நெல் தூற்றி முடித்து, சாக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுபத்தொரு வயதுக் கிழவன். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். முந்தின நாள் முழுதும் மனதில் கோத்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். நான் அன்று சொன்னது பொய், தெரிந்தே சொன்ன பொய் என்று மட்டும் சொன்னேன்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும் ஐயரே. சொல்லிக்கினே கைக்கடிகாரத்தப் பாத்தீங்க.”

பின் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டேன்.

“சபை ஜனங்களுக்கு அன்னிக்கி எழுத்துன்னா நீங்கதான். நீங்க சொல்றது பொய்யின்னு நான் எழுந்து சொல்லியிருந்தா, அவங்க எதைப் புடிச்சிக்கினு நிப்பாங்க?” சாக்கின் வாயைக் கட்டினார். “இப்ப அப்பிடி இல்ல. ஏசடியான் பையன் வாத்தியாரா இருக்கறான். பொண்ணுங்கல்லாம் வேதம் வாசிக்குது. இப்ப தாங்குவாங்க.”

பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன். அடிக்கக் கூடாது என்றார். அது இருக்கட்டும், அதன் கீழே நடந்ததை நடந்தபடி எழுதி, சபைக்கு முன்னால் நானே படிக்கவேண்டும். அப்படியானால் மூப்பராக ஒத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சுவரோரமே போதும், அது பழகிவிட்டது என்றார். குரல் உயரவில்லை.

அங்கிருந்து ஜெபவீட்டுக்கு இரண்டு பர்லாங். அந்த வழியில் நான் நினைத்ததையும் மறைக்கவில்லை. பதிவேட்டின் நகல் மேலிடத்துக்குப் போகும். என்னைப் பாராட்டியவர்கள் படிப்பார்கள். என் மூத்த மகன் இதே ஊழியத்தில் இருக்கிறான், அவனும் படிப்பான். பெயரை மட்டும் திரும்பச் சேர்த்து எழுதிவிட்டு, நெஞ்சுவலி என்று சொல்லி வண்டி ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

நாலு மணிக்குப் போதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பதிவேட்டைப் பிரித்துப் பேனாவைக் கொடுத்தார். எழுதினேன்: ‘இவரை நீக்கியது வேதத்தின்படி அல்ல. என் ஊர்களின் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதற்காக நீக்கினேன். இராப்போஜனம் என்ற சொல்லின் பொருளைத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன்.’ கையெழுத்திட்டு, எழுந்து நின்று படித்தேன். எழுபது, எண்பது பேர் இருப்பார்கள். இரண்டாம் வாக்கியத்தை முணுமுணுத்துத் தாண்டப் பார்த்து நிறுத்தினேன். ஒருவரும் எனக்கு உதவிக்கு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்து முடித்தேன்.

மூப்பர் தேர்வுக்கு நேரம் ஆகவில்லை. கை தூக்கச் சொன்னார் போதகர். தூக்காத கை ஒன்றும் இல்லை. நயினாரை முன்னே அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபித்தார். சபை தனிச் சபையாக நிற்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

திருவிருந்து தொடங்கும்போது ஐந்தே கால். மேற்கு ஜன்னல் வழியே வெயில் இன்னும் பாயில் விழுந்துகொண்டிருந்தது. நான் வாசல் ஓரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போதகர் நயினாருக்கு முதலில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, சற்று நேரம் குனிந்தே இருந்துவிட்டு உண்டார். பிறகு புது மூப்பர் என்ற முறையில் தட்டை வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். என் முன்னால் வந்ததும் நின்றார். சபையைத் திரும்பிப் பார்த்தார்.

“இவருக்கு இன்னா செய்யலாம்? நான் ஒருத்தன் சொல்லக்கூடாது. நீங்க சொல்லுங்க.”

அவர் பழிவாங்கவில்லை; பந்தி இனி அவர்களுடையது, ஆகவே கேட்டார். அது எனக்குப் புரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் என்ற அம்மாள் பேசினார். அன்று அப்பத்தைத் துணியில் முடிந்து வைத்தது அவர்தான் என்று பிற்பாடு அறிந்தேன்.

“சட்டுனு குடுங்க நைனாரே. பொழுது போச்சின்னா, ராவுல சாப்புட ஐயரு ஒருத்தருக்குத்தான் ஆவும்.”

சபையே சிரித்தது. போதகர்கூட. நயினார் சிரிப்பை அடக்கமாட்டாமல் தட்டை நீட்டினார். நான் எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டேன். கோட்டை ஏறவில்லை, அதைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவேண்டும். மேலிடத்திலிருந்து எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்கிறேன். மகனிடம் நானே சொல்லிவிட்டேன்.

சென்னையில் எங்கள் ஆலயத்தில் திருவிருந்து காலை எட்டு மணிக்கு. போன ஞாயிறு வழக்கம்போல வந்திருந்தவர்களை எண்ணத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, எட்டு மணிக்கு வரமுடியாதவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். இரவு வேலை முடிந்து எட்டரைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கும் தாதிகள் இருவர். காலைப் பால் ஊற்றும் அம்மாள். பேருந்து ஓட்டுனர் ஒருவர். இப்படி எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர். இத்தனை நாளும் அவர்களைப் பக்தி குறைந்தவர்கள் என்று நினைத்திருந்தேன்.