பழனிசாமி மகன் வாசித்த கிட்டார்

உள்ளறையில் கிட்டார் அழுதது. கம்பிகளின் மேல் கண்ணாடி வழுக்கும் ஓசை. யாமினியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"கேசட்ல கேட்ட அதே சத்தம் ஆன்ட்டி. விரல்ல என்ன மாட்டியிருக்கார்?"

"தைலப் புட்டி லா. தலைவலிக்கு நான் தேய்ச்சு முடிச்சது. அவரைக் கட்டுன நாள்லேருந்து காலிப் புட்டிக்குக் குறைச்சலே இல்ல" என்று சிரித்தார் அன்னம்மா.

அவர் கணவர் வீரப்பன், ஈப்போவிலிருந்து மெல்பர்ன் வந்தவர். முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். வார இறுதிகளில் மதுக்கூடங்களில் ப்ளூஸ் இசை வாசித்தார். 1991இல் ஒரே ஒரு கேசட், இருநூறு பிரதிகள். அது கைமாறிக் கைமாறி ராக் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது. மூன்று குழுக்கள் அந்த அழுகையைத் தங்கள் பதிவுகளில் வாசித்தன. கிட்டார்க்காரர்கள் அந்த வழுக்கலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'பழனி ஸ்லைடு'.

வேறு நகரத்தில், ஹோம்புஷில் வசிக்கும் யாமினியும் ராக் கிட்டார் வாசிப்பவள்தான். அவள் குழுவின் புதிய பாட்டிலும் அந்த வாசிப்பு இருந்தது. அவர் பெயர் போட்ட இசைத்தட்டு உறை அச்சுக்குப் போகுமுன் உரியவரிடம் காட்ட, அவரைத் தேடி மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னுக்கே வந்துவிட்டாள்.

வீரப்பன் வெளியே வந்தார். யாமினி எழுந்தாள்.

"வணக்கம், பழனி அங்கிள்."

அன்னம்மாவின் சிரிப்பு நின்றது.

"பழனிசாமி எங்க அப்பா" என்றார் வீரப்பன் மெதுவாக.

மலேசியக் கடவுச்சீட்டில் அவர் பெயர் 'வீரப்பன் ஏ/எல் பழனிசாமி'. ஏ/எல் என்றால் இன்னாருடைய மகன். இங்கே அதைக் கழற்றிவிட்டு, கடைசியில் இருப்பதே குடும்பப் பெயர் என்று கேசட்டில் அப்பாவின் பெயரை மட்டும் அச்சடித்துவிட்டார்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

"என் முதல் கிட்டாரை அப்பா முழங்கால்ல வச்சு ஒடிச்சாரு. 'என் பேரைக் கெடுக்கப் பாக்குறியா'ன்னாரு. பிறகு நாங்க பேசிக்கலை. அவர் பேரே கேசட்ல வந்தப்ப பழி வாங்குன மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். ஆறே மாசத்துல அவரும் தவறிட்டாரு." விரலில் மாட்டியிருந்த தைலப் புட்டியைத் தடவினார். "எழுபது வயசாச்சு. என் பேரை ஒரு தடவை அச்சுல பாக்கணும்மா."

யாமினி மடிக்கணினியைத் திறந்தாள். பழைய பெயர் அழிந்தது. 'வீரப்பன்' என்று வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பக்கத்துல இடம் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

"பழனிசாமி மகன்னு சேர்த்துப் போடு. கேசட்ல அந்த மகனைத்தான் தொலைச்சிட்டாங்க. அவர் பேரு ஒண்ணும் கெட்டுப் போயிடல."

"இதுக்கு முப்பது வருசமா?" என்றார் அன்னம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

வாசலில் யாமினி குனிந்து அவர் காலைத் தொட்டாள். "போயிட்டு வர்றேன், வீரப்பன் அங்கிள்."

ஒரு கிட்டார்க்காரியின் வாயிலிருந்து முதன்முதலாக வந்த அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வீரப்பன் வாசலிலேயே நின்றார். அவள் கார் தெருமுனையில் திரும்பியதும், விரலில் தைலப் புட்டியோடு கதவைச் சாத்தினார்.