ஏழு அடி பாக்கி

உடுக்கையைத் தணலில் காட்டிவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார் பூசாரி தீர்த்தகிரி. சூடு சரியாக ஏறினால்தான் தோல் பேசுமாம். அவரைப் பற்றி ஊர் பேசுவதற்கு எந்தச் சூடும் தேவைப்படவில்லை.

சேந்தமங்கலம் சந்தையில் இந்தப் பங்குனியில் கத்தரிக்காயைவிட மலிவாகக் கிடைத்த சேதி இது: எருமப்பட்டிச் சாலம்மாள் வீட்டில் பேயை அழைத்த தீர்த்தகிரி, அது எதிரே வந்து நின்றதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். பேய் அங்கேயே தங்கிவிட்டது. சேதி வந்த மறுவாரமே, அவரை அழைத்திருந்த மூன்று வீட்டார் கொடுத்த வெற்றிலை பாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எருமப்பட்டிக்கே போய் விசாரித்தால், சேதியின் ஊற்று சாலம்மாள் வீட்டுக்கு எதிரே வெற்றிலைக்கடை வைத்திருக்கும் அங்கமுத்து. "என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. செருப்புக் கையில இருந்துச்சு" என்கிறார். பேயைப் பார்த்தீரா? "செருப்பைப் பாத்தாப் போதாதுங்களா?"

சாலம்மாள் சொல்வது வேறு. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து, அங்கே பிழைக்கப் போன மகனிடமிருந்து கடுதாசி இல்லை. நாற்பது நாள் தூக்கமில்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும். தீர்த்தகிரி வந்து மாரியாத்தாளைப் பாடி அழைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் தொண்டைக்குழி துடித்த வேகத்துக்கே உடுக்கையை அடித்தார். பிறகு துளித்துளியாகக் கையைத் தளர்த்தினார்.

"ஓடற நெஞ்சை நில்லுன்னா நிக்குமுங்களா? மொதல்ல நாமளுங் கூட ஓடோணும். அப்பறம் மெதுவா நடக்க உடோணும்" என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

முடிவில், அழைத்த ஆத்தாளை ஊர் எல்லைவரை கேட்கும்படி உடுக்கையில் ஏழு அடி ஓங்கி அடித்து வழியனுப்ப வேண்டும். அந்த ஏழுக்கு முன்பே சாலம்மாள் தூங்கிப்போனாள். தீர்த்தகிரி அடிக்கவில்லை. சத்தம் வராமல் வெளியேறினார். செருப்பு கைக்கு வந்தது அப்படித்தான்.

அந்த ஏழு அடியை மட்டும் தனியே அடிப்பது வழக்கமில்லை. அழைப்புப் பாட்டிலிருந்து தொடங்கி வர வேண்டும். பாக்கியைத் தீர்க்க இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நடுவழியில் அவள் தூங்கிவிட்டாள்.

இன்று விளக்கு வைத்ததும் மறுபடி வந்திருக்கிறார். வாசலில் அங்கமுத்து, சாட்சிக்கு நாலு பேருடன்.

"ஏனுங்க பூசாரி, இன்னிக்காச்சும் ஆத்தாளை அனுப்பி வெச்சிருவீங்களா?" என்கிறாள் சாலம்மாள்.

"நீங்க முழிச்சிருந்தா அனுப்பிருவனுங்க அம்மணி. மூணு ஊடு போயிருச்சு."

"கிள்ளிக்கிட்டாச்சும் முழிச்சிருக்கறனுங்க சாமி."

உடுக்கை ஓடுகிறது, நடக்கிறது, உட்காருகிறது. சாலம்மாளின் தலை சுவரில் சாய்கிறது; கிள்ளிய விரல்கள் கையிலேயே தளர்ந்து கிடக்கின்றன.

"அடிங்க பூசாரி! நாங்களும் கேக்கறோம்" என்கிறார் அங்கமுத்து.

தீர்த்தகிரி விரல்களை ஓங்குகிறார். வாசலில் நிற்கும் ஐந்து பேரையும் பார்க்கிறார். அவள் தொண்டைக்குழியைப் பார்க்கிறார். ஓங்கிய கையை மெல்ல இறக்கித் தோலின்மேல் பொத்துகிறார். பிறகு எழுந்து, அங்கமுத்துவுக்கு நேராக உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.