ஐப்பசி இடியும் என் கம்ப்யூட்டரும்

ஐப்பசியில் திருவனந்தபுரத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் அபூர்வம். முதல் உறுமல் கேட்டதும் எங்கள் கரமனைத் தெருவில் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் மாமியாருடையது. டி.வி., ஃபிரிட்ஜ் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் என் கம்ப்யூட்டரில் கை வைப்பார். நான் வேலையில் இருக்கிறேனா, செய்ததைச் சேமித்தேனா, அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திரை டப்பென்று கறுத்துவிடும். யு.பி.எஸ். ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதன் பேட்டரி செத்து வெகுகாலம்.

நான் வீட்டிலிருந்தபடி கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். பழவங்காடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் படங்களைத் தருவார், நான் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன். என் கம்ப்யூட்டரோ கிழடு. சுவிட்சைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு அவியலுக்குக் காய் நறுக்கிவிட்டு வரலாம். அணைக்கச் சொன்னாலும் அதே சாவகாசம்தான். இடி நேரத்தில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? அத்தை பிடுங்கிவிடுவார். மறுபடி போட்டால் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று அது மீதிப் பொழுதையும் தின்றுவிடும். "அவங்களுக்கு நான் செய்யது விளையாட்டாத் தோணுது" என்று கணவரிடம் பொருமாத நாளில்லை.

அந்த ஐப்பசியில் இரண்டு ஆல்பங்கள் தாமதமாயின. ஸ்டுடியோக்காரர் போன் செய்து, "சேச்சி, சீசன் டைம். திங்கட்கிழமை ஆல்பம் கிட்டலேன்னா நான் வேற ஆளைப் பாக்கேன், மனசுல ஒண்ணும் தோணப்பிடாது கேட்டோ" என்றார். குரலில் கோபமே இல்லை, அதனால் சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

என் கணவருக்குக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தெருவே அவரைக் கம்ப்யூட்டர் புலி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஊழியர்களுக்குக் கார் ஏற்பாடு செய்வதுதான் அவருடைய வேலை. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை, ஆபீஸில் நாலு பேரிடம் விசாரித்து வந்தார். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாமாம், உள்ளே சுழலும் டிஸ்க்தான் முட்டுக்கட்டையாம். விரல் நீளத்தில் பட்டை மாதிரி புதுவகை டிஸ்க் இருக்கிறது, பழைய கேபிளை விட்டுவிட்டு நேரே மதர்போர்டோடு பேசும் என்றார். எங்கள் பழைய போர்டில் அதற்கான இடம் கிடையாது. ஆனால் காலியாகக் கிடந்த ஒரு ஸ்லாட்டில் சின்ன கார்டைச் செருகி, அதன்மேல் பட்டையைப் பொருத்திவிடலாம். லேப்டாப்புக்குப் பெரியதாக வாங்கிக்கொண்ட சக ஊழியர் ஒருவர் தன் பழைய பட்டையைக் குறைந்த விலைக்குத் தந்தார். கார்டைப் பழவங்காடியில் வாங்கி, அப்படியே அங்குள்ள கோயிலில் கணபதிக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார். இரண்டில் எதை அதிகம் நம்பினார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தொடங்கி இடிக்கு முன் முடிப்பதாகத் திட்டம். நடந்ததோ வேறு. கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தவர், உள்ளே இருந்த தூசியைப் பார்த்துவிட்டுப் பெயின்ட் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். "இப்பம் இது ரொம்ப அவசியமா?" என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி ஊதினார். கார்டைப் பொருத்தியதும் போர்டு அதை அடையாளமே காணவில்லை. போனில் யாரிடமோ கேட்டுக் கேட்டு ஏதோ செட்டிங்கை மாற்றியபிறகுதான் கண்டது. பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் நகலெடுக்க ஆரம்பித்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

பழைய டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மின்சாரம் நின்றால் இது இனி எழும்பாது என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமை ஆல்பம் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை, என் ஒரே பென்டிரைவும் ஸ்டுடியோவில் கிடந்தது. மௌஸில் கையை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கோடு முக்கால்வாசி வந்திருந்தபோது உறுமல் கேட்டது. உள்ளே டி.வி. நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. அத்தை வந்து பிளக்கின் அருகே நின்றார்.

"அத்தை, இதை மட்டும் தொடாதீங்க. பாதியில நின்னா என் வேலையே போயிரும்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓடிட்டுப் போகட்டு. நீ எந்திச்சு இங்க வா."

"பிடுங்க மாட்டீங்களே?"

"நான் எதுக்கு மக்களே பிடுங்குதேன்? மிஷினுக்காகவா? இடி வெட்டும்போ நீ அதுல கைய வச்சிட்டுல்லா இருக்க. கூப்பிட்டா வரவும் மாட்ட. எனக்குப் பயமும் பேடியுமா இருக்கும். பொறவு நான் என்ன செய்ய?"

இத்தனை வருடமாக இந்த மனுஷியைப் போய் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். எழுந்து போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கணவர் திரையிலிருந்து தள்ளி நின்றே எட்டிப் பார்த்து, "முடிஞ்சு" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தை எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மழை விட்டபிறகு புதிய டிஸ்க்கில் கம்ப்யூட்டரை எழுப்பினோம். அடுக்களைப் பக்கம் திரும்பினேன், அதற்குள் தயாராகி நின்றது. திங்கட்கிழமை காலையிலேயே ஆல்பம் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. "கொள்ளாம் சேச்சி, நல்லாருக்கு" என்று சொல்லி அவர் அடுத்த கல்யாணத்தின் படங்களை அனுப்பினார்.

அன்று மத்தியானமும் உறுமல் கேட்டது. சேமித்து, அணைத்து, நானே பிளக்கை உருவிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அத்தை என் அறையை நோக்கி எதிரே வந்துகொண்டிருந்தார். நின்று என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"வா, சாயா குடிப்போம்" என்றார்.