பன்னிரண்டு லிட்டர் மூச்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று என் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்றால் அது என் மூளையால்தான்.

எண்பதுகளில் பஹ்ரைனில், கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்ட முக்குளிக்கும் வேலை. படகிலுள்ள இயந்திரம் காற்று அனுப்பும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். முதல் நாள் மலையாளி சூப்பர்வைசர் ஒரு கணக்குக் கேட்டார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சில் பிடித்த ஆறு லிட்டர் காற்று மேலே வந்தால் எவ்வளவு ஆகும்?

"பன்னிரண்டு," என்றேன். அழுத்தம் பாதியானால் காற்று இரட்டிப்பு. ஐ.டி.ஐ. படித்தவர்களே என் முதுகில் தட்டினார்கள்.

"அதான், மூச்சு பிடிச்சு வரக்கூடாது. விட்டுக்கிட்டே வரணும், கேட்டோ," என்றார் சூப்பர்வைசர்.

என் அறைத்தோழன் சிரித்தான். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவன். "மாப்ள, நீ கணக்கப் போடு. எனக்கு மூச்சடக்க எவனும் சொல்லித்தர வேணாம்."

சங்கு குளிப்பவன் மேலே பிடித்த மூச்சோடு இறங்கி, அதை அடக்கியபடியே ஏறுவான். அந்தக் காற்று பழைய அளவுக்குத்தான் திரும்பும், ஆபத்தில்லை. இங்கே காற்றைக் கீழேயே இழுக்கிறோம். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே புரிந்தது. பாராட்டு மயக்கத்தில் அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காற்று இயந்திரம் நின்றது. அவன் பழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தான். படகில் தூக்கிப் போட்டபோது வாயில் ரத்த நுரை. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். விடை சொன்னவன் நான்தான்.