தாழ்வாரத்தில் நின்ற அரசாங்கம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடன்கார டீச்சர். அவர் யாரிடமும் கைமாற்றுகூட வாங்கியவர் இல்லை. அரசாங்கச் செலவு, நாட்டுக் கடன் என்ற அந்த ஒரு பாடத்தை அத்தனை ஆசையாக நடத்துவார், அதுதான் காரணம். ஆசை அவருக்கு, கொட்டாவி பிள்ளைகளுக்கு.

கடன் தொகையை ஒரு சுழியம்கூட விடாமல் கரும்பலகையில் எழுதுவார். சுழியங்கள் பலகையின் ஓரத்தைத் தொடும்போது ஒவ்வொரு வருடமும் அவருக்கே மலைப்பாக இருக்கும். இவ்வளவு பெரிய ஒன்றை மனிதர்கள்தானே கட்டிச் சுமக்கிறார்கள் என்று சாக்பீஸும் கையுமாக நின்றுவிடுவார். திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சு முழுக்க உறங்கிக்கொண்டிருக்கும். "நாடும் நம்ம வீடு மாதிரிதான். வரவுக்கு மேல செலவு பண்ணா தெருவுக்கு வரணும்" என்று சொல்லி முடித்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே முடிவுதான்.

இந்த வருடம் தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார். கடிந்து பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே அவர் சொல்வது கூடுதலாக வலிக்கும்.

"அடுத்த வருஷம் பொருளாதாரத்தை எடுத்துடலாம்னு இருக்கேன் டீச்சர். உங்களுக்கு நூலகம் போட்டிருக்கேன். புது அட்டவணையில கையெழுத்துதான் பாக்கி. வெள்ளிக்கிழமை உங்க வகுப்பை ஒரு தடவை பார்த்துட்டுப் போட்டுடறேன்."

அன்று இரவு சாப்பிடும்போது டீச்சர் இதை வீட்டில் சொன்னார். கணவர் பஸ் ஓட்டுகிறவர். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸைக் காட்டாம டிக்கெட்டை மட்டும் காட்டினா எவன் ஏறுவான்? நீ அதைத்தான் பண்ணிட்டிருக்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே அக்காவின் தையல் கடைக்குப் போய், ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான்களை வாங்கி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. சாலை, குடிநீர், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு, முதியோர் பென்ஷன். 'பள்ளிக்கூடம்' அட்டையை டீச்சரே மாட்டிக்கொண்டார். அழிரப்பரைக்கூட இரவல் தராத ஒரு பெண் உண்டு. கறார் என்று பெயர். அவள்தான் நிதியமைச்சர். சுற்றுக்குச் சுற்று ஆளுக்கு இரண்டு பொத்தான் அரசாங்கம் தரும்; அதில் ஒன்றை அவர்கள் வரியாக டப்பாவில் போட வேண்டும். பற்றாததற்குக் கடன். கடன் பலகையில் ஏறும், அதற்கு வட்டியும் ஏறும். வெட்டப்பட்ட செலவு வெளியே போய்விட வேண்டும்.

மூன்றாவது சுற்றிலேயே கறாருக்குப் பொறுக்கவில்லை. "தெருவிளக்கு, வெளியே போ." விளக்கு தாழ்வாரத்துக்குப் போனது. பின்னாலேயே சாலை போனது, பென்ஷன் போனது. ஆஸ்பத்திரிதான் வாசலில் நின்று "யோசிச்சுக்கோ, நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வரும்" என்று மிரட்டிப் பார்த்தது. மிரட்டல் பலிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் கறார் டீச்சரைப் பார்த்தாள். "சாரி டீச்சர்."

விதி அவரே போட்டது. அவரும் வெளியே வந்தார். வந்த பிறகுதான், தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து தலைமையாசிரியர் நடந்து வருவது தெரிந்தது. வகுப்பு மொத்தமும் வெளியே நிற்கிறது. நூலகம் உறுதி என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே கறார் தன்னந்தனியாக டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு பொத்தான்கூட விழவில்லை. வெளியே போனவர்கள் செலவை மட்டுமா கொண்டுபோனார்கள்? வரியையும் கொண்டுபோய்விட்டார்கள். பலகையில் கடன் அசையாமல் நின்றது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. விதி போட்டபோது இது அவருக்கே தோன்றவில்லை. கழுத்தில் அட்டையோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். செலவும் இவர்கள்தான், வரவும் இவர்கள்தான். இத்தனை வருடம் அவர் எழுதிய சுழியங்களுக்குள் இவ்வளவு பேர் நின்றிருக்கிறார்கள். முற்றத்துக் குழாயில் வருகிற தண்ணீருக்கு என்றோ செத்துப்போனவர்கள் கடன் வாங்கியிருப்பார்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் கட்டுவார்கள். வீடு மாதிரியாம். எந்த வீட்டில் இப்படி நடக்கிறது? நல்ல முடிவு சொன்னேன் போ, என்று தன்னையே நொந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

கறார் வாசலுக்கு வந்தாள். "எல்லாரும் உள்ள வாங்க. ஆனா சும்மா இல்ல. கடன் அடையற வரைக்கும் ஆளுக்கு ஒரு பொத்தான் சேர்த்துப் போடணும்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் பையைத் துழாவினார்கள். தலைமையாசிரியரும் உள்ளே நுழையப் போனார். கறார் டப்பாவை நீட்டி மறித்தாள். "சார், நீங்களும்தான்."

அவர் சட்டைப்பையைத் தடவினார். கையெழுத்துப் போடக் கொண்டுவந்த பேனாதான் இருந்தது. அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதை டப்பாவில் போட்டார். பிறகு தெருவிளக்கைக் கொஞ்சம் நகரச் சொல்லி, மூன்றாவது பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் யாரும் தூங்கவில்லை.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் எழுந்து வாசல்வரை போனார். டீச்சர் டப்பாவைத் திறந்து பேனாவை எடுக்கப் போனார்.

"இருக்கட்டும் டீச்சர், வரியாப் போட்டதை யாராவது திருப்பிக் கேப்பாங்களா? அடுத்த வருஷம் எனக்கும் ஒரு அட்டை எழுதி வைங்க."